ஒரு புள்ளி குறைந்த பை

நான், கைத்தொழிலும் பாடமாக இருந்த ஆதாரப் பள்ளியில் நெசவு வாத்தியாராக இருந்தவன். கணக்கு வாத்தியார், தமிழ் வாத்தியார் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நெசவு வாத்தியார் என்றால் பிள்ளைகளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். தறி என்றதும் குழியில் கால் விட்டு உட்கார்ந்து சேலை நெய்கிற பெரிய தறியை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பள்ளியில் இருந்தவை மடியில் வைத்துக்கொள்கிற சின்னத் தறிகள் நான்கு. நீளம் இரண்டு முழம், அகலம் ஒரு முழம்கூட இல்லை. பிள்ளைகள் கையால் சுழற்றும் தக்ளியில் நூற்ற நூல் முடிச்சும் முண்டுமாக வரும். அதை இரட்டையாக முறுக்கி, தறியில் நீளவாக்கில் பாவு ஓட்டி, பாவாடை நாடா, புத்தகத்துக்கு அடையாள நாடா, உட்கார ஆசனம் என்று இந்த மூன்றையே வருஷம் முழுவதும் நெய்ய வைப்பேன். பாடத்திட்டத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை. எனக்கும் அதற்கு மேல் ஆசை இல்லை.

ஊர் அரிமளத்துக்குப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு கண்மாய்க் கரை ஏறி இறங்கினால் வரும். அப்போது நாங்கள் திருச்சி ஜில்லா.

என் மனைவிக்கு டி.பி. என்று தெரிந்தபோது எங்கள் மகளுக்கு ஏழு வயது. புதுக்கோட்டை டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். வலது பக்கம் போய்விட்டது, இடது பக்கத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' அவர் வாயிலிருந்து வந்த விதத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஊசிக்கும் மாத்திரைக்கும் எழுதிக் கொடுத்தார். எச்சிலைத் தகரத்தில் துப்பி எரித்துவிட வேண்டும், முகத்துக்கு நேரே இருமக் கூடாது, குழந்தையைக் கிட்டே விடக் கூடாது என்றார். துணிமணியை என்ன செய்வது என்று கேட்டேன். இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் போதும், அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை என்றார். எங்கள் சீமையில் மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு என்ன குறை. வீட்டுக்கு வந்ததும் இதை வார்த்தை மாறாமல் அவளிடம் சொன்னேன். நான் அன்றைக்குச் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மகளைப் பக்கத்துத் தெருவில் இருந்த என் அக்கா வீட்டில் விட்டோம். மனைவியின் கட்டில் தெருப்பக்கத்து அறையில், ஜன்னலோரம். காலையில் பள்ளிக்குப் போகும்போது பிள்ளை எதிர்ப்பக்கத்துப் புங்கமரத்தடியில் நிற்பாள். சிலேட்டில் எழுதியதைத் தூக்கிக் காட்டுவாள். ஜன்னலுக்குள்ளிருந்து இவள் தலையை ஆட்டுவாள். தெருவைத் தாண்டி வரக் கூடாது என்பது கட்டளை. கட்டளை போட்டது நான்.

பகல் முழுக்கப் படுத்தே கிடப்பவளுக்கு என்ன வேலை? அழுவதுதான் வேலை. அதைப் பார்க்கச் சகிக்காமல், பள்ளியில் சும்மா கிடந்த ஒரு தறியைத் தூக்கிவந்து அவள் கட்டிலில் வைத்தேன்.

"என்னங்க இது, தொட்டிலா?"

"தறி."

"இம்புட்டுத் தறியில என்னத்தை நெய்யிறது? கோவணமா?"

"அதுக்கும் அகலம் பத்தாது."

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்க நேரமாயிற்று. ஆனாலும் அன்றைக்கே பாவாடை நாடா நெய்யக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள் என் நாடாக்கள் அவளுக்கு அலுத்துவிட்டன. எனக்கு ஐந்து வருஷமாக அலுக்காதது இவளுக்கு மூன்று நாளில் அலுத்தது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பிறகு அவள் செய்ததெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. கிழிந்த சேலையை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, நூலுக்குப் பதில் அதையே குறுக்கே ஓடும் ஊடையாகக் கொடுத்து அடித்தாள். மெத்தென்று ஓர் ஆசனம் வந்தது. கோரைப்புல்லை நனைத்துக் கோத்து விசிறி செய்தாள். பனை ஓலையை ஈர்க்கு மாதிரிச் சீவிச் சொருகி, சூடான பாத்திரம் இறக்கி வைக்க ஒரு தட்டு செய்தாள். வெங்காய மூட்டைச் சணலைப் பிரித்து அதிலும் ஏதோ முயன்றாள், அது உருப்படவில்லை. சேலைக் கிழிசலில் ஆசனம் நெய்வதை நான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி, யோசனை நல்ல யோசனை என்று என் முதுகைத் தட்டினார். யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "பரவாயில்லை, வாத்தியாரய்யா பாஸ் பண்ணிட்டீங்க" என்றாள்.

செய்ததை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பாடு. பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒரு விசிறியை மரியாதைக்கு வாங்கிய பெண்ணொருத்தி அதைத் தெருமுனைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டுப் போனாள். ஜன்னலிலிருந்து குப்பைக்குழி தெரியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மனைவி என்னைப் பார்த்து, "அவங்களுக்கு டாக்டர் சொன்னது தெரியாதுல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் பயன்படுத்தினேன். அவள் நெய்த ஆசனத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவள் நெய்த நாடாவைத்தான் வேட்டிக்கு மேல் கட்டினேன். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையிலிருந்தே தம்ளரை வாங்கினேன். ஊரே பயந்தாலும் இந்த ஒரு மனுஷனுக்குப் பயமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஒருநாள், மகளுக்கு ஒரு பை நெய்யப் போகிறேன் என்றாள். தோளில் மாட்டிக்கொள்கிற ஜோல்னாப் பை. தறியின் அகலத்துக்கு இரண்டு துண்டு நெய்து மூன்று பக்கமும் தைத்துவிட்டால் பை. வெள்ளைப் பாவில் நடுநடுவே நீல நூல் சேர்த்து ஓட்டித் தரச் சொன்னாள். எதற்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. குனிந்தால் மூச்சு வாங்குவதால் அவள் கோலம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோலத்தைத் தறியில் போடப் பார்த்தாள். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, புள்ளி எண்ணுகிற மாதிரி நீல இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என்று எண்ணித் தூக்கி, அடியில் ஊடையைக் கொடுத்தாள். பதின்மூன்று வரை ஏற்றி, மறுபடி ஒன்று வரை இறக்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சாய்சதுரக் கட்டம் எழுந்தது. அப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று கட்டம். நெசவுப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய எனக்கு அது தெரியாது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெய்யத் தொடங்கிய மறுநாளே கட்டத்தின் வலது ஓரத்து நீல இழை அறுந்துவிட்டது. கட்டம் அகலமாகும் இடத்தில் வலது முனைப் புள்ளி விழ வேண்டிய இழை அது. அவள் அதைக் கட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு நெய்தாள். மூன்று கட்டத்திலும் இடது பக்கம் கூர்முனையும் வலது பக்கம் மழுங்கலும் வந்தது. நான் வாத்தியார் ஆயிற்றே, விடுவேனா? இழையைக் கட்டு, பன்னிரண்டாக நிற்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கால் மணி நேரம் கண்டித்தேன்.

"இருக்கட்டுங்க. எனக்கும் வலது பக்கம் இல்லைதான? அவ அம்மா நெய்ஞ்சதுன்னு அடையாளம் இருக்கட்டும்."



பை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாளைக்கு நாலு விரற்கடை, சில நாள் அதுவும் இல்லை. கடைசியாகத் தைத்து முடித்து என் கையில் கொடுத்தபோது அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. "ரெண்டு நாள் வெயில்ல போட்டுக் குடுங்க. மரத்தடியில நின்னு எனக்குக் காட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் வேறெதையும் கேட்கவில்லை. மருந்து கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. தன் கையால் செய்த ஒன்று தன் பிள்ளையின் தோளில் தொங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

பையைப் பள்ளிக்குப் பின்னால் வேலியில் வெயிலில் போட்டேன். இரண்டு நாள் போதும் என்றார் டாக்டர், நான் மூன்று நாள் போட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வழியில் ஒரு தடவை முகத்தருகே வைத்துப் பார்த்தேன். அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் வாடை லேசாக இருந்தது. மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் அந்த அறை அதில் இருந்தது.

"அப்பா" என்று மகள் ஓடிவந்தாள். நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் பின்னால் போயிற்று. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "தம்பி, அது அவ செஞ்சதா? இங்கிட்டு கொண்டாராதே, ஒனக்குக் கோடிப் புண்ணியம். இதுவும் படுத்துருச்சுன்னா யாரு பாக்குறது" என்றாள். அக்காமேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே என் கை பின்னால் போய்விட்டது.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் வைத்து அதைக் கொளுத்தினேன். கெட்டி நூல், சீக்கிரம் பற்றவில்லை. இரண்டு தடவை கொளுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து, "குடுத்துட்டேன்" என்றேன்.

"காட்டச் சொன்னீங்களா?"

"தோள் நாடா நீளமாப் போச்சு. அக்கா குறைச்சுத் தைக்கிறேன்னு வாங்கி வச்சிருக்கு. ஒரு வாரத்துல மாட்டிக்கிட்டு வருவா."

ஒரு வாரம் என்று வாயில் வந்துவிட்டது. இனி அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு பை வேண்டும். பள்ளித் தறியில் வெள்ளையும் நீலமுமாகப் பாவு ஓட்டி, பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து நெய்தேன். பிள்ளைகள் கேட்டதற்கு மாதிரிப் பை என்றேன். ஈர்க்குச்சி வைத்து ஒன்று, மூன்று, ஐந்து என்று எண்ணினேன். அவள் ஒரு மாதம் நெய்ததை ஐந்தே நாளில் முடித்தேன். என் ஆயுளில் நான் நெய்ததிலேயே நல்ல நெசவு அதுதான். இழைக்கு இழை சீராக இருந்தது. இதைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது.

மகளிடம், அம்மா உனக்காக நெய்தது என்று கொடுத்தேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரவெல்லாம் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள் என்று அக்கா சொன்னாள். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் நான் முன்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டேன். மரத்தடியில் மகள் பையைத் தூக்கிக் காட்டும்போது அந்த அறையில் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் வந்தபோது மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பாப்பா காட்டிச்சா?"

"காட்டுச்சு."

"நல்லாயிருந்துச்சா?"

"நல்லா நெய்யிறீங்க. என்னைய விட நல்லா நெய்யிறீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே திரும்பாமல் சொன்னாள்: "மூணு கட்டத்துலயும் வலது முனை இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பதின்மூன்று எண்ணியிருந்தேன். அறுந்த இழையை அவள் விட்டதை மறந்து, பிள்ளைகளின் தப்பைத் திருத்துகிற மாதிரி அவள் கணக்கைத் திருத்தி நெய்திருந்தேன். கால் மணி நேரம் கண்டித்த அதே புள்ளி. பொய்யை ஒழுங்காகச் செய்யக்கூட இந்த வாத்தியாருக்குத் தெரியவில்லை.

"என் பை எங்கங்க?"

"எரிச்சுட்டேன்."

"வெயில்ல போட்டாப் போதும்னு டாக்டர் சொன்னதா நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா. மூணு நாள் போட்டேன்."

"பெறகு?"

"பயமா இருந்துச்சு."

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "ஊர்ல எல்லாருக்கும் பயம்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கு இல்லைன்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

"எனக்காகப் பயப்படலை. நீ செஞ்ச ஆசனத்துலதான் ஒக்காந்து திங்கிறேன். பிள்ளைக்குத்தான்..."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தறியைத் தூக்கி என்மேல் எறிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, நிதானமாக, "தப்பில்லைங்க. பிள்ளைக்கு வந்துட்டா என்ன செய்யிறது. நீங்க செஞ்சது சரிதான்" என்றாள். நான் செய்தது சரி என்றால், அவள் தொட்டதெல்லாம் விஷம் என்று அர்த்தம். அதுவரை அவள் அதை நம்பவில்லை. அன்றைக்கு நம்பினாள்.

தறியை அங்கிட்டுக் கொண்டுபோகச் சொன்னாள். பாதி நெய்த துண்டு ஒன்று அதில் இருந்தது, என்ன என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நான் தம்ளரை நீட்டியபோது கையில் வாங்கவில்லை. "கீழ வச்சுட்டுப் போங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றாள். மூன்றாம் நாள், கட்டிலை ஜன்னலிலிருந்து உட்சுவர் பக்கம் நகர்த்தச் சொன்னாள். "பாப்பாவை இனிமே கண்மாய்த் தெரு வழியாப் போகச் சொல்லுங்க. இங்கிட்டு வர வேண்டாம்." தூரத்தில் நிற்பதால் ஒன்றும் ஆகாது என்று எவ்வளவோ சொன்னேன். என் சொல்லுக்கு அந்த வீட்டில் இனி மதிப்பு ஏது? டாக்டர் சொன்னார் என்று நான் தொடங்கினாலே அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

கட்டிலை நகர்த்தினேன். பிள்ளையை வேறு தெரு வழியாக அனுப்பினேன். இரண்டையும் நானே செய்தேன்.

"அம்மாவுக்கு என்னையப் பாக்கப் புடிக்கலையாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"வெளிச்சம் பட்டா அம்மாவுக்குக் கண்ணு வலிக்குது."

அவள் யோசித்துவிட்டு, "பை நெய்ஞ்சு குடுத்துச்சுல்ல, அப்பப் புடிக்கும்தான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான் ஆமாம் என்றேன்.

அதற்குப் பின் என் மனைவி நாலு மாதம் இருந்தாள். பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை, சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். பங்குனியில் ஒரு மத்தியானம், நான் பள்ளியில் ஆசனத்துக்குப் பாவு ஓட்டிக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். காரியம் முடிந்ததும் வழக்கப்படி பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் எரித்தார்கள். அந்தத் தறியையும் ஆசனத்தையும் விசிறியையும் நானே எடுத்துவந்து போட்டேன். பள்ளியில், தறியைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அவள் கை பட்ட ஒரு துண்டு நூல் மிஞ்சவில்லை. அதில் மட்டும் நான் கெட்டிக்காரனாக இருந்தேன்.

மகளுக்குப் பதினெட்டு வயதில் இலுப்பூரில் கல்யாணம் செய்து கொடுத்தேன். கட்டிக்கொடுத்து அனுப்புகிற அன்றைக்கு அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பையை எடுத்தாள். வெளுத்துப் போயிருந்தது, நீலம் மட்டும் அப்படியே. சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருந்தார். "இது என்னம்மா, பழம்பை?" என்று கேட்டார்.

"எங்கம்மா நெய்ஞ்சதுங்க. படுத்த படுக்கையா இருந்துக்கிட்டு எனக்காக நெய்ஞ்சது. அவங்களோடதுன்னு என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

சம்பந்தியம்மாள் அதை வாங்கி மடியில் விரித்துப் பார்த்தார். நெசவு தெரிந்தவர் போலிருக்கிறது, கட்டங்களை விரலால் தடவினார். "எம்புட்டுச் சுத்தமான கை" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பையைத் திருப்பி வாங்கி, பெட்டியில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். நான் அதை நாலாக மடித்து, சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.